ஊதச் சொல்வதற்கு முன் ஒரு நோட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், குழந்தை விடும் மூச்சைச் சோதித்தே பின்னாளில் ஆஸ்துமா வருமா என்று கணிக்கலாம் என்ற கட்டுரையைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். கடிதம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளைகளின் இளைப்பைக் குறித்து வைத்த நோட்டைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் வடசென்னையில் 29 வருடம் பால்வாடி டீச்சராக இருந்தவள். சம்பளப் பட்டியலில் அங்கன்வாடிப் பணியாளர். தெருவில் பால்வாடி டீச்சர்தான். முதலில் பழைய வண்ணாரப்பேட்டை, அப்புறம் கொருக்குப்பேட்டை, கடைசியில் தண்டையார்பேட்டை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. என்னிடம் வந்த பிள்ளைகள் எல்லாம் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள். உங்கள் கட்டுரை பேசுவதும் அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துத் தூங்க வைப்போம். இருபது பிள்ளைகள் தூங்குகிற அறையில் ஒரு பிள்ளைக்கு இளைப்பு இருந்தால் அது தனியாகக் கேட்கும். மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சீழ்க்கை. உள்ளே இழுக்கும்போது இல்லை, வெளியே விடும்போது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தால் உள்ளங்கையில் அதிரும். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்து விழுந்து எழும். ஆயாவை அனுப்பி அம்மாவைக் கூட்டிவரச் சொல்வேன். அம்மா வந்து, “நேத்து நைட்டே புகை வெச்சோம் டீச்சர், காலையில நல்லாத்தான் இருந்தான்” என்பாள். நெபுலைசருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேச்சு, புகை வைப்பது.

இந்தச் சத்தத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் கேட்ட பிள்ளைகளில் யாருக்கு இது நிற்கும், யாருக்குத் தொடரும் என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடிந்ததில்லை. சொல்ல முயன்று இரண்டு முறை தவறியிருக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் ஒரே வருடம் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒருவன் மீன்காரம்மா பேரன். இன்னொருத்தி குச்சி ஐஸ் வண்டிக்காரர் மகள். இருவருக்கும் இரண்டரை வயது. பையனுக்கு ஒவ்வொரு சளிக்கும் இளைப்பு வரும், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி வரும். நான் அவன் அம்மாவிடம், “இது ஆஸ்துமாவேதான், எங்க வீட்லயும் இருக்கு, எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து வாழைப்பழம் நின்றது, தயிர் நின்றது, தலைக்கு ஊற்றுவது வாரத்துக்கு ஒரு முறை ஆனது. ஓடி விளையாடினால் அடி. பால்வாடிச் சுவர் ஓரமாக ஸ்வெட்டர் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போவார்கள், சித்திரை மாதத்திலும். மூன்று வயதில் அவன் பாட்டி அவனை ஐதராபாத்துக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார். ஜூன் மாதம் மிருகசிரக் கார்த்தி அன்று உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சளாக ஒரு மருந்தை வைத்து அப்படியே விழுங்கக் கொடுப்பார்கள் அல்லவா, அதற்கு. ஐந்து வயதில் பையனுக்கு இளைப்பு சுத்தமாக நின்றுவிட்டது. மீன்தான் குணமாக்கியது என்று அந்த அம்மா இன்றைக்கும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவரிடம் வாயாடி யாரும் ஜெயித்ததும் இல்லை.

ஐஸ் வண்டிக்காரர் மகளுக்குச் சத்தமே கம்மி. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு வறட்டு இருமல், அழுதால் இருமல், சிரித்தால் இருமல். முழங்கை மடிப்பில் கரப்பான் என்கிற தோல் அரிப்பு. “பனிக்காலம், வளர்ந்தா சரியாயிடும்” என்று அவளுடைய அம்மாவிடம் தைரியம் சொன்னேன். ஒன்றாம் வகுப்பில் ஒரு டிசம்பர் ராத்திரி அவளை ஆட்டோவில் போட்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஆக்சிஜன் மாஸ்க் முகத்தில் பாதியை மூடியிருந்தது. உதடு அப்போதும் வெளுத்துத்தான் இருந்தது.

இப்போது நல்லபடியாக இருக்கிறாள், இன்ஹேலர் எடுக்கிறாள். ஆனால் அந்த ராத்திரி எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான் உங்கள் கட்டுரையைப் படித்து முதலில் சந்தோஷப்பட்டேன். காதால் பிரித்தறிய முடியாத இந்த இரண்டு பிள்ளைகளையும் மூச்சுக் காற்று பிரித்துக் காட்டுமானால் அதைவிட என்ன வேண்டும்?

என் மகள் நர்ஸ். அவளிடம் கட்டுரையைக் காட்டி உட்கார வைத்து விளக்கம் கேட்டேன். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற ஊரில் 1980 முதல் பிறந்த குழந்தைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பெர்னாண்டோ மார்டினெஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் 1995இல் வெளியிட்ட முடிவு இது: 3 வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு ஒரு முறையாவது இளைப்பு வந்திருக்கிறது, அப்படி வந்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு 6 வயதில் இளைப்பு இல்லை. பத்துக்கு ஆறு! விரால் மீன் கொடுத்தாலும், தாயத்து கட்டினாலும், தூதுவளை ரசம் வைத்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்த ஆறு பேருக்கு நின்றிருக்கும். மீன்காரம்மா பேரன் அந்த ஆறு பேரில் ஒருவன். மீதி நான்கு பேரைத்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும்.

நெதர்லாந்தில் மாஸ்டிரிக்ட் நகரத்து ஆய்வாளர்கள் இதைத்தான் மூச்சில் தேடினார்கள். இளைப்பு வந்த 2 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மூச்சுக் காற்றைப் பிடித்து, அதில் ஆவியாகக் கலந்து வரும் நுண்ணிய வேதிப்பொருட்களை அளந்து வைத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு 6 வயது ஆனபோது யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு நின்றுவிட்டது என்று ஒப்பிட்டார்கள். குடும்ப வரலாறு, கரப்பான் மாதிரியான பழைய கேள்விகளோடு இந்த மூச்சு அளவையும் சேர்த்தால் கணிப்பு இன்னும் நன்றாக அமைகிறது என்று 2015இல் சொன்னார்கள். “சேர்த்தால்” என்ற சொல்லை மகள் இரண்டு முறை அழுத்திச் சொன்னாள். உங்கள் கட்டுரையில் அந்தச் சொல் இல்லை ஐயா. என் கோபத்துக்கு முதல் காரணம் அதுதான். அந்த ஆய்வில் மூச்சை அளந்தது ஆய்வகத்துப் பெரிய கருவி. நம் ஊர் கிளினிக்கில் கையடக்கமாக இருக்கிற ஊதும் கருவி வேறு.

அந்தக் கருவியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் பேரனுக்கு எடுத்தோம். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படிக்கிற அம்மாக்களுக்கு அது உதவும்.

அவனுக்கு 7 வயது. தீபாவளி முடிந்த வாரம். தனியார் மருத்துவமனை ஒன்றில் 1,800 ரூபாய் கட்டினோம். கருவி ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். மூச்சுக் குழலின் உட்புறத் தோல் ஒவ்வாமையால் வீங்கிப் புண்ணானது போல இருந்தால் அங்கிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு கூடுதலாக வெளியே வரும். அதை அளக்கிறது அது. பல் பிடுங்கும்போது கொடுக்கிற சிரிப்பு வாயு வேறு, இது வேறு, பெயரில்தான் குழப்பம். மனிதர்களின் மூச்சில் இந்த வாயு இருப்பதை 1991இல் ஸ்வீடன்காரர்கள் காட்டினார்கள். இரண்டே வருடத்தில், ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது கூடுதலாக இருப்பதும் தெரிந்துவிட்டது. அளவு எவ்வளவு தெரியுமா? நூறு கோடிப் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்று கணக்கு. பிள்ளைகளுக்கு 20க்குக் கீழே இருந்தால் குறைவு, 35க்கு மேல் போனால் அதிகம்.

லாரிப் புகையிலும் இதே வாயு உண்டாம். அதனால் முதலில் கருவி வழியாகவே உள்ளே இழுக்கச் சொல்கிறார்கள். வெளிக்காற்றில் இருக்கும் வாயுவை அது வடிகட்டிவிட்டுத் தருகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்கு, ஒரே ஒரு மூச்சாவது வடிகட்டிக் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் ஒரு பலூன் வரும். ஊதுகிற வேகம் சரியாக இருந்தால் அது இரண்டு கோட்டுக்கு நடுவே மிதக்கும். ஆறு விநாடி மிதக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஊது என்றால் பிறந்தநாள் மெழுகுவர்த்திதான் தெரியும். பேரன் முதல் முறை புஸ்ஸென்று ஊதினான், பலூன் மேலே முட்டியது, கருவி கீக்கென்று கத்தியது. இரண்டாம் முறை நாலு விநாடியில் சிரித்துவிட்டான். டெக்னீஷியன் பெண் பொறுமைசாலி, ஆனால் வெளியே வரிசை இருந்தது. நான் அவனிடம், “சோப்பு நுரை ஊதுவ இல்ல, பெரிய குமிழி வரணும்னா எப்படி ஊதுவ?” என்று கேட்டேன். வேகமாக ஊதினால் நுரை உடைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். உதட்டைக் குவித்து, கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல், மெதுவாக ஒரே சீராக விட்டான். பலூன் அசையாமல் நின்றது. ஒரு நிமிடம் போல் காத்திருந்தோம். 47 என்று வந்தது.

டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “காலையில என்ன சாப்பிட்டான்?”

முந்தின நாள் ராத்திரி பீட்ரூட் பொரியல், காலையில் அதில் மிச்சத்தைச் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்திருந்தேன். பீட்ரூட், பசலைக்கீரை மாதிரி நைட்ரேட் அதிகமுள்ள காய்கறிகள் இந்த எண்ணை ஏற்றிவிடுமாம். மருத்துவமனைக்காரர்கள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி போனோம், 43 வந்தது. சரி, பீட்ரூட்டைக் கழித்தாலும் அதிகம்தான். ஆனால் அதற்கும் அவர் உடனே ஆஸ்துமா என்று எழுதிவிடவில்லை. வெறும் ஒவ்வாமைத் தும்மலும் மூக்கொழுகலும் உள்ள பிள்ளைக்கும் எண் ஏறும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் சில வேளை சாதாரணமாகவே வரும், ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏற்கெனவே எடுக்கிற பிள்ளைக்கு இறங்கிவிடும் என்றார். “எண் இருக்கட்டும் பாட்டி, கதையைச் சொல்லுங்க” என்றார்.

அப்போதுதான் என் மகள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

அது நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. ஐஸ் வண்டிக்காரர் மகளை ஆக்சிஜனோடு பார்த்துவிட்டு வந்த மறுநாள் பால்வாடியில் நான் ஆரம்பித்த பழக்கம். அரசாங்கம் கொடுத்த பதிவேடுகளுக்கு வெளியே, என் சொந்தக் காசில். பிள்ளைக்கு ஒரு பக்கம். மேலே ஒரு வரி: அப்பா அம்மாவுக்கு இளைப்பு உண்டா, பிள்ளைக்குக் கரப்பான் உண்டா. கீழே மாதம் மாதமாகக் கட்டம். இளைப்பு வந்த நாளுக்கு “இ” என்று போடுவேன். சளி காய்ச்சல் இல்லாமல் சும்மா வந்திருந்தால் அந்த “இ”யைச் சுற்றி வட்டம். புகை வைத்திருந்தால் ஒரு புள்ளி. ராத்திரி மருத்துவமனை என்றால் சிவப்பு மையில். அவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் அம்மாக்களிடம் கேட்டு எழுதினால் பத்து நிமிட வேலை.

பேரனுக்கும் அதே மாதிரி வைத்திருந்தேன். டாக்டர் கருவியின் எண்ணைப் பார்த்த நேரத்தைவிட அந்த நோட்டைப் பார்த்த நேரம்தான் அதிகம். ஒரு வருடத்தில் 11 “இ”. அதில் 5க்கு வட்டம். வட்டம் போட்டதில் இரண்டு, பந்து விளையாடிவிட்டு வந்தபோது. ஒன்று போகி. மேல் வரியில் “அம்மாவுக்கு உண்டு”. நோட்டை மூடிவிட்டு, “இதை யாரு எழுதினது?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள், நான் குருட்டாம்போக்கில் எழுதின வரிகள் எல்லாம் டூசான் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட கேள்விப் பட்டியலில் இருக்கிறதாம். சின்ன வயதில் அடிக்கடி இளைப்பு வருகிற குழந்தையின் பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா, அல்லது அந்தக் குழந்தைக்கே கரப்பான். அது இல்லாவிட்டால் சளி இல்லாமலே இளைப்பு, ஒவ்வாமை மூக்கொழுகல், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு 4 சதவீதமோ அதற்கு மேலோ, இவற்றில் இரண்டு. இந்தப் பட்டியலில் விழாத குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் 6 முதல் 13 வயது வரை ஆஸ்துமா தொல்லை இல்லை. விழுந்த குழந்தைகளில் நூற்றுக்கு 76 பேருக்கு ஒரு கட்டத்திலாவது இருந்தது. ஒரு ரத்தப் பரிசோதனையைத் தவிர இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வேண்டியது ஞாபகம். அந்த ஞாபகம்தான் நம்மிடம் இல்லை, ஏன் என்றால் ஒவ்வொரு முறையும் வேறு கிளினிக், வேறு சீட்டு, ஒவ்வொரு சீட்டும் மளிகைக் கணக்குச் சீட்டோடு சீட்டாகக் காணாமல் போகிறது.

என் மகள் கதையே அதற்குச் சாட்சி. அவளுக்கு மூன்று வயதில் ஓயாத இருமல். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அம்மாக்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு சொல் உண்டு: பிரைமரி காம்ப்ளக்ஸ். பிள்ளை இருமினால், மெலிந்தால், சாப்பிடாவிட்டால் பிரைமரி காம்ப்ளக்ஸ். காசநோயின் முதல் தொற்று என்று அர்த்தம். நிஜமாகவே அது வந்த பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு மருந்து வேண்டும்தான். ஆனால் எங்களுக்கு மருந்து எழுதினவர் அவளுக்கு வருடம் முழுக்க எப்போது இருமல் வருகிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு மாதம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், குழந்தை பயந்து அழும், நான் அது மருந்தின் நிறம்தான் என்று தேற்றுவேன். ஆறு மாதம் முடிந்தது, இருமல் முடியவில்லை. பத்து வயதில்தான் ஒருவர் ஊதச் சொல்லிப் பார்த்து ஆஸ்துமா என்றார். ஏழு வருடம். அவள் நர்ஸ் படிப்புக்குப் போனதற்கு அந்த ஏழு வருடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

என் கோபத்துக்கு இரண்டாவது காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் கட்டுரை வருவதற்கு முன்பே எங்கள் பகுதியில் ஒரு கிளினிக் வாசலில் பேனர் வைத்துவிட்டார்கள்: ‘உங்கள் குழந்தைக்கு ஆஸ்துமா வருமா? ஊதினால் தெரியும்! 2 வயது முதல்.’ பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இரண்டரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டரை வயதுப் பிள்ளை ஆறு விநாடி சீராக ஊதுமா? அந்த வயதுப் பிள்ளையை நான் 29 வருடம் மேய்த்தவள், சொல்கிறேன்: ஊதுகுழலைக் கடிக்கும், எச்சில் விடும், உள்ளே இழுக்கும், நம்மைப் பார்த்துச் சிரிக்கும். நான்கு முறை ஊத வைத்தார்களாம், நான்கு முறையும் கருவி ஏற்கவில்லை. பணத்தைத் திருப்பித் தரவில்லை. பிரிட்டனில் மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலே 5 வயதிலிருந்துதான் இந்தச் சோதனையைச் சொல்கிறது; அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அறிகுறியைப் பார்த்து மருந்து கொடு, அடிக்கடி கூப்பிட்டுப் பார், 5 வயது ஆனதும் ஊத வை என்கிறது. இப்படிப்பட்ட விஷயத்தைக் கட்டுரையில் ஒரு பெட்டி கட்டிப் போட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பால்வாடியைச் சாத்தும் முன் கொசுவுக்காகச் சாம்பிராணி போடுகிற வழக்கம் எனக்கும் இருந்தது. பெருமையாகப் போடுவேன், வாசனையாக இருக்கும் என்று. மறுநாள் காலை பிள்ளைகள் வரும்போதும் அறையில் அந்தப் புகை வாடை தங்கியிருக்கும். தலைக்கு ஊற்றின கைக்குழந்தையைச் சாம்பிராணிக் கூடைமேல் காட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற வீடுகள் அதைவிட அதிகம். நோட்டில் இளைப்பு நாட்களைக் குறிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு ஜூலையில் சாம்பிராணியை நிறுத்தினேன். அதனால்தான் குறைந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, ஆய்வு நடத்தியவள் இல்லை நான். ஆனால் நிறுத்தினேன். போகி மட்டும் என் கையில் இல்லை. 2018 போகியன்று புகை மண்டி மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாயின, எல்லாப் பத்திரிகையும் எழுதின. அந்தப் பொங்கல் விடுமுறை முடிந்து பால்வாடி திறந்த அன்று என் நோட்டில் ஒரே நாளில் ஆறு பிள்ளைகளின் பக்கத்தில் “இ” விழுந்தது. அதை எந்தப் பத்திரிகைக்கு எழுதுவது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆர்.பி.எஸ்.கே. என்று மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலச் சோதனைத் திட்டம் ஒன்று இருக்கிறது, 2013இல் வந்தது. டாக்டரும் நர்ஸும் வண்டியில் பால்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளைச் சோதிப்பார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய முப்பது கோளாறுகளின் பட்டியலில் இளைப்பு நோயும் உண்டு, பலருக்குத் தெரியாது. நல்ல திட்டம், வருகிற டாக்டர், நர்ஸ் எல்லாம் நல்லவர்கள்தான், அவர்கள் மேல் குறை இல்லை. ஆனால் இந்த நோய் விருந்தாளியைப் போல, வண்டி வருகிற அன்று வீட்டில் இருக்காது. காது, பல், சொறி எல்லாம் அன்றைக்கும் தெரியும். இளைப்பு ராத்திரி இரண்டு மணிக்கு வந்துவிட்டுக் காலை பத்து மணிக்குப் போயிருக்கும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார், நெஞ்சு சுத்தமாக இருக்கும், ‘இயல்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். ஐஸ் வண்டிக்காரர் மகளுக்கு இரண்டு முறையும் அப்படித்தான் எழுதினார்கள்.

இப்போது பால்வாடி டீச்சர்கள் மாதாமாதம் எடையும் உயரமும் செல்போனில் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறார்கள். நெட் கிடைக்காத அன்று மாடிப்படி ஏறி நின்று ஏற்றுகிறார்கள், அது வேறு கதை. அதே செயலியில் இன்னும் ஒரு கேள்வி: இந்த மாதம் இளைப்பு வந்ததா, சளியோடா, சளி இல்லாமலா? பிள்ளை சேரும்போது ஒரே ஒரு முறை: பெற்றோருக்கு உண்டா, கரப்பான் உண்டா? வண்டியில் வரும் டாக்டர் நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும். வட்டம் போட்ட பிள்ளைகளை மட்டும் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பட்டும். 5 வயது ஆன பிறகு அவர்களை ஊத வைக்கட்டும், எழும்பூர் அரசு மருத்துவமனையிலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ, 1,800 ரூபாய் இல்லாமல். எத்தனை கருவி வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதையெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும்.

வேலைப்பளு கூடும் என்று என் பழைய தோழிகளே என்னைத் திட்டுவார்கள். ஏற்கெனவே முட்டைக் கணக்கு, சத்துமாவுக் கணக்கு, வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு. அவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் ஏதாவது ஒரு பதிவேட்டை எடுத்துவிடுங்கள். எதை எடுக்கலாம் என்று கேட்டால் பட்டியலே தருவேன்.

இன்ஹேலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோதனையில் எண் வந்த பிறகும் பாதி வீடுகளில் இன்ஹேலர் என்றால் பயம், பழகிவிடும் என்று. சிரப் என்றால் பயமில்லை. இளைப்புக்குக் கொடுக்கிற சால்பியூட்டமால் சிரப் ஒரு டீஸ்பூனில் 2 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. நேராக நெஞ்சுக்குப் போவதால் அவ்வளவு போதும். இந்தக் கணக்கை என் மகள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும்தான் என் சம்பந்தி, இன்ஹேலரில் மாட்டி மூச்சு இழுக்க உதவுகிற குழாயான ஸ்பேசரைக் கையில் தொட்டார். இப்போது பேரனுக்குக் காலையும் ராத்திரியும் அவர்தான் தடுப்பு இன்ஹேலரைக் கொடுக்கிறார். ஸ்பேசருக்குள் அவன் மூச்சு விடுவதை “ஒண்ணு, ரெண்டு” என்று சத்தமாக எண்ணுகிறார். மூன்று மாதம் கழித்து ஊதினபோது 19 வந்தது. அன்று பீட்ரூட் சமைக்கவில்லை.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அச்சில் போட வேண்டாம். நான் குறிப்பிட்ட குடும்பங்கள் எல்லாம் அதே தெருவில்தான் இருக்கின்றன, மீன்காரம்மா உங்கள் நாளிதழைத் தினமும் படிக்க வைத்துக் கேட்கிறவர். நோட்டுகள் மொத்தம் ஏழு இருக்கின்றன, பரணில் அரிசி டின்னுக்குள். சுகாதாரத் துறையிலோ மருத்துவக் கல்லூரியிலோ யாராவது பார்க்க விரும்பினால் உங்கள் அலுவலகம் மூலமாகச் சொல்லி அனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறேன். பிள்ளைகளின் பெயர் இருக்கிற மேல் ஓரத்தை மட்டும் கத்தரித்துவிட்டுத் தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர்,
தண்டையார்பேட்டை, சென்னை.